பாட்டுகளை எங்கே வைத்துக்கொள்வது: ஆப்பிலா, டிஸ்கிலா, வீட்டு சர்வரிலா?

போன தை மாதம் அப்பாவின் பீரோவை ஒழித்தபோது 43 கேசட்டுகள் கிடைத்தன. கூடவே ஜிப் வைத்த பை நிறைய எம்பி3 சிடிக்கள், என் கல்லூரிக் காலத்து ஹார்டு டிஸ்க் ஒன்று. கேசட்டுகளில் பாதிக்கு மேல் கடையில் அச்சிட்டு விற்றவை அல்ல. ரெக்கார்டிங் கடைக்குப் போய், நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி வந்தவை. உள்ளட்டையில் அப்பாவின் பச்சை மைக் கையெழுத்து. 'ஏ' பக்கம் ஏழு பாட்டு, 'பி' பக்கம் ஆறு. அந்த ஆறு பாட்டும் முடிந்த பிறகு மிச்சமிருந்த நாடாவில் நாலு வயது அக்கா ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுகிறாள். பின்னால் அப்பாவின் குரல்: "இன்னொரு தடவ பாடு மக்கா."

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எய்யா, இத எப்படியாவது என் போன்ல போட்டுக் குடு. அந்த ஆப்பு கீப்பு எல்லாம் எனக்குத் தெரியாது." தம்பி சொன்னான்: "எல்லாம் யூடியூப்ல கெடக்குண்ணே. எதுக்கு இந்தப் பாடு?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு பாட்டுகளைப் பற்றியவை என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. எந்த ஆப் நல்லது, எந்த பிளேயர் நல்லது என்று தொடங்கினால் முடிவுக்கு வரவே முடியாது. முதலில் பாட்டுகளை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். தொலைந்தால் திரும்பக் கிடைப்பவை ஒரு பக்கம், தொலைந்தால் தொலைந்ததுதான் என்பவை மறு பக்கம். இதைப் பிரித்துவிட்டால், எதை எங்கே வைப்பது என்ற கேள்வி தானாகவே பாதி தீர்ந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. 2014-ல் என்னிடமிருந்த வெளி ஹார்டு டிஸ்க் ஒருநாள் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுபோனது. உள்ளே ஏறக்குறைய 9,000 பாட்டுகள். சினிமாப் பாட்டுகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டன. ஆனால் 2009-ல் எங்கள் ஊர்க் கொடையில் நான் பதிந்துவைத்திருந்த இரண்டு மணி நேர வில்லுப்பாட்டு போனது போனதுதான். பாடியவரும் இப்போது இல்லை. இன்னொரு டிஸ்கில் ஒரே ஒரு நகல் எடுத்திருந்தால் போதும்.

முதலில் ஆப்

நம்மில் பெரும்பாலோருக்கு ஸ்ட்ரீமிங் போதும், இதைத் தயங்காமல் சொல்வேன். பேருந்தில் போகும்போது ஒரு பாட்டின் இரண்டாவது சரணம் நினைவுக்கு வந்தால் பத்து விநாடியில் காதில் ஒலிக்கிறது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியிலும் யூடியூப் மியூசிக் அதே ஆண்டு மார்ச்சிலும் இந்தியாவுக்கு வந்தன. அதற்கு முன்பே கானா, சாவன் எல்லாம் இருந்தன. அந்தக் காலத்து எம்பி3 சிடியோடு ஒப்பிட்டால் ஒலித்தரமும் மேல். நடைபாதையில் வாங்கிய அந்த சிடிக்களில் இசையமைப்பாளருக்கோ பாடியவருக்கோ ஒரு பைசா போயிருக்காது. ஆப்பில் கேட்டால் சிறிதாவது முறையான வழியில் போகிறது. அப்பாவின் பையிலிருந்த எம்பி3 சிடிக்களை நான் டிஸ்குக்கு ஏற்றவில்லை. அதில் உள்ளவை எல்லாமே ஆப்பில் இதைவிட நன்றாகக் கிடைக்கின்றன.

குறை என்னவென்றால், நாம் அங்கே குடியிருக்கிறோமே தவிர வீடு நம்முடையதல்ல. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 பாட்டுகளை விற்கத் தொடங்கி 2013 ஜூனில் மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் போனது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஃபிளைட்டில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு, இறக்கி வைத்தவர்களின் கையில் கோப்பாக நின்றது. மற்றவற்றில் வருடக்கணக்காகச் சேர்த்த பிளேலிஸ்டை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

ஆப் மூடாவிட்டாலும் பாட்டு மட்டும் காணாமல் போகும். 2019-ல் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் வழக்காகி சரிகமவின் பாட்டுகள் அங்கிருந்து இறக்கப்பட்டன. 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பின. சரிகம என்றால் பழைய எச்எம்வி. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருக்கிறது. அதாவது எங்கள் அம்மாவின் பாட்டுகள். பிளேலிஸ்டில் சாம்பல் நிறமாகிப் போன வரியைத் தொட்டால் ஒன்றும் பாடாது. 'டவுன்லோடு' செய்து வைத்ததும் நம் கையில் இருக்கும் கோப்பு இல்லை. அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கிற பூட்டிய பெட்டி அது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் இறக்கியவை அழிந்துவிடும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாத விஷயம். சில பழைய பாட்டுகளில் இசைத்தட்டில் வந்த வடிவம் வேறு, படத்தில் வந்த வடிவம் வேறு. படத்தில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும், அல்லது இடையிசை மாறியிருக்கும். ஆப்பில் எது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. அப்பா பதிந்து வாங்கிய ஒரு பாட்டில் முன்னிசை நீளமாக இருக்கிறது. நான் தேடிய எந்த ஆப்பிலும் அது இல்லை. பாட்டு 'கிடைக்கிறது' என்று தம்பி சொன்னது உண்மைதான். அப்பா கேட்ட பாட்டு கிடைக்கவில்லை.

ஆப்பிலேயே இருப்பது என்று முடிவெடுத்தால் ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். சவுண்டீஸ், டியூன்மைமியூசிக் மாதிரியான சேவைகள் மூலம் பிளேலிஸ்டை வெறும் பட்டியலாக வெளியே எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பத்து நிமிட வேலை.

டிஸ்க், போன், டேக் என்னும் தலைவலி

கோப்பாக வைத்துக்கொள்வதன் சுகம் தனி. நெட் இல்லாத மலைப் பாதையிலும் பாடும், விளம்பரம் கிடையாது, எவரும் நம் லைப்ரரியில் கை வைக்க முடியாது. கணினியில் ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ, ஆண்ட்ராய்டில் பவராம்ப் அல்லது முசிகோலெட் போதும். முசிகோலெட் இணைய அனுமதியே கேட்பதில்லை. அம்மாவின் போனில் அதைத்தான் போட்டேன். திறந்தால் பாட்டு மட்டும்தான் இருக்கும். அவள் வழி தவறிப் போக வேறு எதுவும் இல்லை.

இடம் இப்போது பெரிய பிரச்சினை இல்லை. ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு, கூடினால் தரமும் கூடும்) எம்பி3-யில் 5 எம்பி, 320-ல் 12 எம்பி, இழப்பில்லாத ஃபிளாக்கில் 30 எம்பி சுற்றளவு. 5,000 பாட்டை 320-ல் வைத்தாலும் 60 ஜிபிதான். 128 ஜிபி மெமரி கார்டில் பாதி. ஆனால் கார்டு போட இடம் வைத்த போன்கள் குறைந்துகொண்டே வருகின்றன, ஐபோனில் எப்போதுமே கிடையாது. புதுப் போன் வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான உழைப்பு டேக்கில், அதாவது கோப்புக்குள் எழுதிவைக்கும் தலைப்பு, படம், பாடியவர் போன்ற விவரங்களில் இருக்கிறது. தமிழ்ப் பாட்டு கேட்கும் நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம். மேற்கத்திய இசைக்காகச் செய்யப்பட்ட மென்பொருள்களில் 'ஆர்ட்டிஸ்ட்' என்றால் பாடுபவர். நமக்கோ 'ராஜா பாட்டு', 'எம்எஸ்வி பாட்டு'தான். ஒரு படத்தில் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தால் பல பிளேயர்கள் அதை ஆறு ஆல்பமாகச் சிதறடித்துவிடும். பல வழிகளைச் செய்து பார்த்துக் கடைசியில் நான் நிலைத்த வழி இது: 'ஆல்பம்' படத்தின் பெயர், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இசையமைப்பாளர், 'ஆர்ட்டிஸ்ட்' பாடியவர்கள், 'லிரிசிஸ்ட்' கவிஞர், 'இயர்' படம் வந்த ஆண்டு. ஆண்டை விட்டுவிடாதீர்கள். பில்லா என்று 1980-ல் ஒரு படம், 2007-ல் ஒரு படம். முன்னது எம்எஸ்வி, பின்னது யுவன். ஆண்டும் இசையமைப்பாளரும் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாக ஒட்டிக்கொள்ளும்.

கர்நாடக இசைக்கு இந்த ஏற்பாடு தலைகீழ். அங்கே பாடகர்தான் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட். 'கம்போசர்' இடத்தில் தியாகராஜரோ பாபநாசம் சிவனோ வருவார்கள். ஒரு கச்சேரி ஒரு ஆல்பம். ராகத்தைத் தனி டேக்காகப் போட்டுவைத்தால் ஒரு மாலை முழுவதும் கல்யாணியாகவே கேட்கலாம். இந்தச் சுகத்தை எந்த ஆப்பும் எனக்கு இதுவரை ஒழுங்காகத் தரவில்லை. வானொலியிலிருந்து பதிந்த கச்சேரிகள் வீட்டில் இருப்பவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம், கோப்பாக வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

பெயர் எழுதும் முறையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் இளையராஜாவை நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஓர் 'ஏ' கூடினாலோ குறைந்தாலோ மென்பொருளுக்கு அவர் வேறு ஆள். என் பழைய டிஸ்கில் எஸ்பிபி ஏழு பேராக இருந்தார். தமிழிலேயே எழுதலாமா என்றால், எழுதலாம், கொஞ்சம் கவனத்தோடு. எம்பி3-யில் டேக் எழுதும் முறைக்கு ஐடி3 என்று பெயர். அதன் பழைய முதல் பதிப்பில் பாட்டின் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஒரு மெய்யெழுத்துக்கே எழுத்தும் புள்ளியுமாக 6 பைட் போய்விடும். பத்துக் குறியீட்டோடு தலைப்பு அறுந்து நிற்கும். எம்பி3டேக் மென்பொருளில் ஐடி3 2.3, யுடிஎஃப்-16 என்று தேர்ந்து சேமித்தால் பெரும்பாலான பிளேயர்களில் தமிழ் ஒழுங்காக வருகிறது. கார் ஸ்டீரியோவில் மட்டும் கட்டம் கட்டமாக வரலாம். அதனால் நான் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் டேக்கைத் தமிழிலும் வைத்திருக்கிறேன். காருக்கு பென்டிரைவ் போடுபவர்களுக்கு ஒரு செய்தி: பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையில் பாடுவதில்லை, காப்பி செய்த வரிசையில் பாடும். பாட்டு குழம்பினால் டிரைவை ஃபார்மட் செய்து வரிசையாக மறுபடி காப்பி செய்யுங்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய பழைய கோப்புகளில் பாட்டின் தலைப்பு, படத்தின் பெயர், அட்டைப்படம் எல்லாவற்றிலும் அந்தத் தளத்தின் முகவரி ஒட்டியிருக்கும். எம்பி3டேக்கில் ஒரே 'ரீப்ளேஸ்' கட்டளையில் ஆயிரம் கோப்புகளிலிருந்து அதைத் துடைக்கலாம். ஆனால் துடைக்கும் முன் அந்தக் கோப்பு இருக்கத் தகுதியானதா என்று பாருங்கள். '320' என்று போட்டிருப்பவற்றில் பல 128-ஐ ஊதிப் பெருக்கியவை. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் படமாகத் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் இருட்டாக இருந்தால் அது 128-லிருந்து வந்ததாகத்தான் இருக்கும். என் டிஸ்கில் அப்படி மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. அழித்துவிட்டேன். சேர்த்த காலத்தின் நினைவு அவற்றோடு இருந்ததால் முதல் நூறை அழிப்பது கஷ்டமாக இருந்தது.

வீட்டு சர்வர்

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாட்டுகள் நம் வீட்டு டிஸ்கில், கேட்பது எங்கிருந்தும். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் குட்டிக் கணினியில் நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பாட்டு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், வீட்டில் ஆளுக்கொரு கணக்கு கொடுக்கலாம். போனில் சிம்ஃபோனியம், சப்ஸ்ட்ரீமர் போன்ற ஆப்கள் அதோடு பேசும். நேவிட்ரோம் கோப்புகளை மாற்றுவதில்லை, படிக்க மட்டும் செய்யும். அதனால் பயமின்றிப் பழகிப் பார்க்கலாம். திரைப்படங்களும் அங்கேயே வேண்டும் என்பவர்களுக்கு ஜெல்லிஃபின் இருக்கிறது.

செலவு குறைவுதான். 5 வாட் என்று வைத்தால் மாதம் முழுக்க ஓடியும் மூன்றரை யூனிட் மின்சாரம் சொச்சம். சிக்கல் வேறு இடத்தில். நம் ஊரில் பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். சிஜிநாட் என்பது இதன் பெயர். வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் தொட முயன்றால் கதவே தெரியாது. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதில் போயின. நம் சாதனங்களை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை சர்வரிலும் போனிலும் போட்ட பிறகு சரியானது. சொந்த உபயோகத்துக்கு அது இலவசம். அப்புறம் மின்வெட்டு. சர்வர் தன் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம்.

யாருக்கு இது பொருந்தும்? வீட்டில் மூன்று நான்கு பேர் வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே தொகுப்பைக் கேட்பவர்கள், கச்சேரிப் பதிவுகள் நிறைய வைத்திருப்பவர்கள், இந்த வேலை பிடித்தவர்கள். வேலை பிடிக்காமல் இதைத் தொடங்காதீர்கள். ஒருநாள் நின்றுபோனால் சரிசெய்ய உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. வெறும் சினிமாப் பாட்டுக்காகச் செய்வதும் வீண் உழைப்பு என்பதே என் எண்ணம்.

அந்த உழைப்பு வேண்டாம், ஆனால் சொந்தக் கோப்புகளை எங்கிருந்தும் கேட்க வேண்டும் என்றால் யூடியூப் மியூசிக்கில் ஒரு லட்சம் பாட்டு வரை நாமே ஏற்றி வைக்கலாம். அக்காவுக்கு அதுதான் செய்து கொடுத்தேன். அங்கே இருப்பதை இரண்டாவது நகலாகவே நினைக்க வேண்டும், ஒரே நகலாக அல்ல.

கேசட்டுகள்

மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாடாவும் வயதாகிக்கொண்டிருக்கிறது, அதை ஓட்டும் டெக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பழைய டூ-இன்-ஒன்னில் பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தது. ரிப்பேர் கடையில் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தபோது பழுப்பாக அழுக்கு வந்தது. குச்சி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். பல வருடம் ஓடாத கேசட்டில் நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போட்டதும் பிளே அழுத்தாமல் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு அழுத்துங்கள். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். திடீரென்று ஜால்ரா சத்தம் பளிச்சென்று வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள். வேறு டெக்கில் பதிந்த கேசட்டுக்கு அந்த இடம் மாறும்.

லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் நேராகச் செருகினால் பல லேப்டாப்களில் மோனோவாகத்தான் ஏறும். டெக்கின் ஒலியை ஸ்டீரியோவாகக் கணினிக்குள் ஏற்றும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துப் பதியுங்கள். குறுக்குவழி கிடையாது, அறுபது நிமிட கேசட்டுக்கு அறுபது நிமிடம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக அது 635 எம்பி வரும், ஃபிளாக்காக மாற்றினால் ஏறக்குறைய பாதி. எங்கள் 43 கேசட்டும் சேர்ந்து 20 ஜிபிக்குள் அடங்கிவிட்டன.

இரைச்சலை நீக்கும் ஆசை வரும். நீக்கிய நகலைத் தனியாக வையுங்கள், மூலப் பதிவைத் தொடாதீர்கள். நான் முதல் கேசட்டில் இரைச்சலோடு சேர்த்து அப்பா இருமிவிட்டுப் பேசத் தொடங்கும் இடத்தையும் மழுக்கிவிட்டேன். மறுபடி ஓட்டிப் பதிந்தேன். இந்தக் கோப்புகளுக்கு ஃபிளாக்தான், எம்பி3 வேண்டாம். போனுக்கு வேண்டுமானால் அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம், எம்பி3-யிலிருந்து மூலத்துக்குத் திரும்ப முடியாது. உள்ளட்டையையும் போட்டோ எடுத்து அட்டைப்படமாகச் சேர்த்துவிடுங்கள். இப்போது அம்மா போனில் பாட்டு ஓடும்போது திரையில் அந்தப் பச்சை மைக் கையெழுத்து தெரிகிறது.

கடைசியில் எங்கள் வீட்டில் அமைந்தது இப்படி. சினிமாப் பாட்டெல்லாம் ஆப்பில். குடும்பத் திட்டம் ஒன்று, நாலு பேருக்கு. கேசட்டுகளும், அப்பா வானொலியிலிருந்து பதிந்த கச்சேரிகளும், ஆப்பில் இல்லாத இருநூறு சொச்சம் பாட்டுகளும் ஃபிளாக்காக என் கணினியில். அதன் நகல் ஒரு வெளி டிஸ்கில், மற்றொரு நகல் யூடியூப் மியூசிக்கில் அக்காவின் கணக்கில். வீட்டு சர்வரை ஆறு மாதம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டேன். கேட்டது நானும் தம்பியும் மட்டும்தான், அவனும் மாதத்துக்கு ஒருமுறை. அந்த ராஸ்பெர்ரி பையில் இப்போது பக்கத்து வீட்டுப் பையன் நிரல் எழுதப் பழகுகிறான்.

இன்னொரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். திருச்சியில் தம்பி வீட்டில் வைக்க. ஒரே வீட்டில் இரண்டு நகலும் இருந்தால் மழைத் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். போனில் சொன்னபோது, "அதான் யூடியூப்ல கெடக்கே" என்று அவன் சொல்லவில்லை. "அக்கா பாடுறது எந்த ஃபைல்னு பேர் போட்டு வைண்ணே" என்றான்.